ஊரப்பாக்கத்தில் குடியிருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வேலை நுங்கம்பாக்கத்தில், கணவருக்கு ஒரகடத்தில். அலுவலகத்தில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானாலோ, வாடகை ஏறினாலோ, "அக்கா, உங்க பக்கம் வீடு பார்க்கலாமா?" என்ற கேள்வி என்னிடம் வந்துவிடும். ஊரிலிருந்து பிள்ளையை வேலைக்கு அனுப்பும் சொந்தக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர் முதல் மறைமலைநகர் வரை எந்த ஸ்டேஷன் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஊரப்பாக்கம் சென்னையா, இல்லையா?

முகவரிப்படி இல்லை. தெற்கே வரும்போது வண்டலூர் வரை அஞ்சல் குறியீடு 600இல் தொடங்கும். அதைத் தாண்டி ஊரப்பாக்கத்தில் அது 603 ஆகிவிடும். மாவட்டம் செங்கல்பட்டு. 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்தது, அப்போதுதான் பிரித்தார்கள். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் என்று பல உள்ளாட்சிகளைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதன் தெற்கு எல்லை பெருங்களத்தூர், பீர்க்கன்கரணையோடு முடிந்துவிடுகிறது. கூடுவாஞ்சேரி நகராட்சி ஆனது. நடுவில் இருக்கும் நாங்கள் ஊராட்சி.

இது வெறும் பெயர் விஷயம் இல்லை. குப்பை வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், தெருவிளக்கு அணைந்தால் யாரிடம் சொல்வது, பாதாளச் சாக்கடை உண்டா, வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் எங்கே வாங்குவது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை பல்லாண்டுகளாக 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அதற்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு எங்கள் பக்கம் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல்தான் இருக்கும். பத்திரத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர் என்று கேட்டால் "ஊரப்பாக்கம்" என்போம். திருநெல்வேலியில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் கேட்டால் "சென்னை" என்போம். இரண்டும் பொய் இல்லை.

ஏன் இவ்வளவு தூரத்தில் போய்க் குடியிருக்கிறீர்கள்?

எங்களுக்கு இது நடு இடம். நான் வடக்கே போகிறேன், அவர் தெற்கே சிங்கப்பெருமாள் கோவில் போய் அங்கிருந்து ஒரகடம் திரும்புகிறார். இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இதே கதைதான். ஒருவர் நகரத்தில் அலுவலகம், இன்னொருவர் மறைமலைநகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம் என்று தொழிற்சாலைப் பக்கம். பிள்ளை பொத்தேரியிலோ வண்டலூரிலோ கல்லூரியில் படிக்கும்.

அப்புறம், பணம். மாம்பலத்திலோ நுங்கம்பாக்கத்திலோ இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கேட்ட வாடகையில் இங்கே வீட்டுக் கடனின் தவணையைக் கட்ட முடிந்தது. மறைக்க வேண்டிய காரணம் இல்லை அது. இந்த ரயில் பாதையில் இருக்கும் ஊர்கள் பலவும் இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன.

இந்தப் பாதை எவ்வளவு பழையது?

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் (குறுகிய ரயில் பாதை) பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அதற்குக் கொஞ்சம் முன்புதான், 1928இல், தாம்பரம் பக்கம் காசநோய் சானடோரியம் வந்திருந்தது. நல்ல காற்று வேண்டும் என்று தேடிப் போகிற அளவுக்கு ஊரிலிருந்து ஒதுங்கிய இடமாக அது இருந்தது என்பது இதிலேயே தெரிகிறது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. ரயில் வந்தது, பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் வீடுகள் வந்தன. குரோம்பேட்டையும் பல்லாவரமும் அறுபது, எழுபதுகளில் என்ன பார்த்தனவோ அதை நாங்கள் இப்போது பார்க்கிறோம். இன்னும் தெற்கே மறைமலைநகரை 1980 வாக்கில் துணை நகரமாகத் திட்டமிட்டே அமைத்தார்கள். மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004 நடுவில் நின்றன. இப்போது ஓடுவதெல்லாம் அகலப்பாதை வண்டிகள்.

மின்சார ரயிலை என் மாமனார் இன்னமும் "யூனிட் வண்டி" என்றுதான் சொல்வார்.

தினமும் எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கேள்விக்குத் தரகர் சொல்லும் பதிலை நம்பாதீர்கள். "ஸ்டேஷன்லேர்ந்து ஒரு மணி நேரம் சார்" என்பார். அது ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம். உங்கள் வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை கணக்குப் போட வேண்டும்.

என் கணக்கு இது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் 2 கிலோமீட்டர். வண்டியை ஸ்டாண்டில் விட்டு, டோக்கன் வாங்கி, பிளாட்பாரம் ஏற 15 நிமிடம். வண்டிக்காகக் காத்திருப்பது 10 நிமிடம். ஊரப்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் ஏறத்தாழ 55 நிமிடம். இறங்கி நடப்பது 10 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம். திரும்பி வர அதே ஒன்றரை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் 75 மணி நேரம். மாதத்தில் மூன்று முழு நாட்களை ராப்பகலாகப் பாதையிலேயே கழிக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். தெரியாமல் வருகிறவர்கள் ஓராண்டில் வீட்டைக் காலி செய்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ரயில் நேரம் பெரும்பாலும் மாறாது. மாறுவது அந்த முதல் இரண்டு கிலோமீட்டர்தான். மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் 15 நிமிடம் 40 ஆகும். ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை கிளம்பாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றால், கேட் மூடியிருக்கும்போது உங்கள் வண்டி கண் முன்னாலேயே போய்விடும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: சதுர அடி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நடந்தே ஸ்டேஷனுக்குப் போகிற தூரத்தில் வீடு பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே பெரிய வீடு வாங்கியவர்களில் ரயிலை விட்டு பைக்குக்கு மாறியவர்கள்தான் அதிகம். அவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் (தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலை) படும் பாட்டை மாலையில் போய்ப் பார்த்தால் தெரியும்.

"தாம்பரம் வண்டி", "செங்கல்பட்டு வண்டி" என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

எங்கள் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது. கடற்கரையிலிருந்து கிளம்பும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்டி எங்களை வீட்டில் சேர்ப்பது செங்கல்பட்டு வண்டிதான். தாம்பரம் வரை புறநகர் ரயிலுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. அதற்குத் தெற்கே தென்மாவட்ட விரைவு வண்டிகளும் நாங்களும் பாதையைப் பகிர்ந்துகொள்கிறோம். மூன்றாவது பாதை போட்ட பிறகு நிலைமை தேறியிருக்கிறது. இருந்தாலும் குரோம்பேட்டைக்காரருக்குக் கிடைக்கிற எண்ணிக்கையில் எங்களுக்கு வண்டி கிடையாது.

அதனால் இங்கே யாரும் "அடுத்த வண்டியில் போகலாம்" என்று சாவகாசமாக இருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி இருக்கும். "என் வண்டி 7.20" என்பார்கள், ஏதோ சொந்த வண்டி போல. அந்த நேரத்தை வைத்துத்தான் அடுப்பு பற்றவைப்பது, பிள்ளைக்குத் தலைவாருவது, மோட்டார் போடுவது எல்லாம்.

மாலையில் தாம்பரம் வண்டியில் ஏறிவிட்டால், தாம்பரத்தில் இறங்கி வெளியே வந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் இந்தத் தவறைச் செய்வார்கள். வண்டியின் முகப்பில் இருக்கும் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டில் பராமரிப்பு வேலை நடந்தபோது நிறைய வண்டிகளை ரத்து செய்தார்கள். ஒரே பாதையை நம்பி எத்தனை ஆயிரம் குடும்பங்கள் இருக்கின்றன என்பது அந்த நாட்களில் புரிந்தது. பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று போனோம். என் மூன்று மணி நேரம் ஐந்தானது.

உட்கார இடம் கிடைக்குமா?

காலையில் கூடுவாஞ்சேரியிலோ ஊரப்பாக்கத்திலோ ஏறினால் சில நாள் கிடைக்கும், பெருங்களத்தூரில் சந்தேகம், தாம்பரத்துக்கு அப்புறம் நிற்கத்தான் இடம். மாலையில் எழும்பூர், நுங்கம்பாக்கத்தில் ஏறுகிறவர்கள் கிண்டி வரை நெரிசலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாம்பரத்தில் பாதிப் பெட்டி காலியாகும். அப்போது கிடைக்கிற ஜன்னலோர இருக்கையும், வண்டலூர் தாண்டும்போது உள்ளே வரும் குளிர்ந்த காற்றும் இருக்கின்றனவே, நாள் முழுக்கப் பட்ட அலைச்சல் அதில் பாதி போய்விடும்.

பெண்கள் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீரை ஆய்கிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், மொபைலில் சீரியல் பார்க்கிறவர்கள், அப்படியே தூங்கிப்போகிறவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். என் வண்டியில் எங்களுக்கென்று எட்டுப் பேர் கூட்டம். ஒருவர் வரவில்லை என்றால் பல்லாவரம் தாண்டுவதற்குள் அவருக்குப் போன் போய்விடும். எனக்கு இரண்டாவது பிரசவ நேரத்தில் ஏழாம் மாதம் வரை இந்த வண்டியில்தான் போனேன். ஒரு நாள்கூட நின்றுகொண்டு போனதில்லை. இடம் கொடுத்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சீசன் டிக்கெட் எடுத்தால் லாபமா? ஏசி வண்டி எப்படி?

தினமும் போகிறவருக்கு சீசன் டிக்கெட்டை விட மலிவான பயணம் எதுவும் இல்லை. இரண்டாம் வகுப்பு மாத சீசன் ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணத்தின் விலைதான். மாதத்தில் 50 முறை ஏறி இறங்குகிறோம், பாருங்கள். முதல் வகுப்பு சீசன் பல மடங்கு அதிகம். நெரிசல் நேரத்தில் அதற்கேற்ற வசதி கிடைக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

குளிர்சாதன மின்சார ரயில் 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு இடையே வந்தது. கட்டணம் குறைந்தபட்சம் 35 ரூபாய், அதிகபட்சம் 105 ரூபாய் என்று தொடங்கினார்கள். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மே மாதத்தில், உடம்பு முடியாத நாளில், அப்பா அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்போது ஏசி வண்டி உண்மையிலேயே உதவி. தினசரிக்கு எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்குக் கட்டாது.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்ததில் உங்களுக்கு லாபமா, நஷ்டமா?

லாபம்தான், கொஞ்சம் குற்ற உணர்வோடு சொல்கிறேன். முன்பெல்லாம் ஊருக்குப் போகக் கோயம்பேடு வரை வடக்கே போய், அங்கே பஸ் ஏறி மறுபடி எங்கள் வீட்டைத் தாண்டித் தெற்கே வருவோம். இல்லையென்றால் பெருங்களத்தூரில் மூட்டை முடிச்சோடு சாலையோரம் நிற்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின இரவு கைக்குழந்தையோடு அங்கே மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் மதுரை பஸ் ஏறிவிடலாம். ஆனால் வடசென்னையில் இருக்கும் என் அண்ணன் குடும்பத்துக்கு அங்கே வந்து சேருவதே தனிப் பயணம். அவர்கள் படும் சிரமத்தை எங்கள் வசதியை வைத்து மறந்துவிடக் கூடாது. மெட்ரோ இப்போது விமான நிலையம் வரைதான். அதைக் கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் நிறைவேறினால்தான் இது சரியாகும்.

முனையம் வந்ததும் வாடகை ஏறியது, ஜி.எஸ்.டி. சாலையில் ஊரப்பாக்கம் அருகே நெரிசலும் ஏறியது. பண்டிகைக்கு முந்தின நாளும் பண்டிகை முடிந்து திரும்பும் நாளும் நாங்கள் காரையோ பைக்கையோ எடுப்பதே இல்லை.

மனை அல்லது வீடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். பழைய மனை என்றால் அங்கீகாரம் உள்ளதா, 2017இல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பதிவான மனைகளுக்காக வந்த விதிகள் அவை. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் சொல்லாதது, தண்ணீரின் வழி. இந்தப் பகுதி முழுக்க ஏரிகளால் ஆனது. ஊரப்பாக்கம் ஏரி, நந்திவரம் ஏரி, ஆதனூர் ஏரி, மண்ணிவாக்கம் ஏரி என்று ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போகும். கலங்கல் (நிரம்பிய நீர் வழியும் இடம்) வழியாக மறுகால் பாய்ந்து கடைசியில் அடையாற்றில் சேரும். விவசாயம் நின்றது, வயல்கள் மனைகள் ஆயின, வாய்க்கால்கள் தெருக்கள் ஆயின. தண்ணீருக்கு அது தெரியாது. பழைய வழியிலேயே வரும்.

நாங்கள் மனை வாங்கியது ஏப்ரல் மாதத்தில். தரை காய்ந்து வெடித்திருந்தது. காட்டிய தரகர் "மேட்டுப் பூமி" என்றார். நம்பினோம். 2015இல் விடை தெரிந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். புல எண்ணை (சர்வே நம்பர்) வாங்கி, அரசின் இணையச் சேவையில் புலப்படத்தைப் பாருங்கள். பக்கத்துப் புல எண்கள் ஏரியா, வாய்க்கால் புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். தெருவில் பழைய வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள், சுண்ணாம்பு அடித்தாலும் கீழே பொரிந்திருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "ஐயா, இங்க முன்னாடி என்ன பயிர் வெச்சாங்க?" என்று கேளுங்கள். நெல் என்றால் அது தாழ்ந்த நிலம். கேழ்வரகு, வேர்க்கடலை என்றால் மேடு. எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் பெரியவர், வாங்கி நாலு வருஷம் கழித்துச் சொன்னார். பெயர்களும் சொல்லும். தாங்கல் என்றாலே சின்ன ஏரி. பழவந்தாங்கலில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்று அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

2015 வெள்ளத்தில் எப்படி இருந்தது?

டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகள் ஏற்கெனவே ததும்பிக்கொண்டிருந்தன. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று நீர் மாடிவரை ஏறியது. எங்கள் தெருவில் இடுப்பளவு, வீட்டுக்குள் முழங்கால் அளவு. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போனோம். அதுவரை அந்த வீட்டு அம்மாவோடு எனக்குப் பழக்கமே கிடையாது. மூன்று இரவுகள் ஐந்து குடும்பங்கள் அந்த ஒரே மாடியில். அவர் ஒரு குண்டான் சோறு வடித்து, இருந்த புளியில் ரசம் வைத்து, எல்லோருக்கும் போட்டார். ஐந்து வீட்டுக்காரர்களும் இன்றைக்கும் பொங்கலுக்கு அந்த அம்மா வீட்டில்தான் முதலில் கூடுகிறோம்.

அதற்குப் பிறகு வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்திக் கட்டினோம். பத்திரங்கள் பரணில். நவம்பர் பிறந்தால் இன்வெர்ட்டர் பேட்டரியை மேசை மேல் தூக்கி வைத்துவிடுவோம். மழைக்காலம் வந்தால் இங்கே எல்லோரும் செய்வது அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் வந்தது, வீட்டுக்குள் வரவில்லை.

அப்போதுதானே முதலை வந்தது?

ஆமாம், மிக்ஜாம் மழையில் பெருங்களத்தூர், நெடுங்குன்றம் பக்கம் சாலையைக் கடந்த முதலையின் காணொளி பரவியது.  அந்தப் பக்கத்து ஏரிகளில் சதுப்பு முதலைகள் இருக்கின்றன.  பாம்பு எங்கள் தெருவிலும் வரும். தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் வந்து பிடித்துப்போவார்கள், அடிக்க வேண்டாம். விடியலில் மயில் கத்தும். வண்டலூர் காப்புக்காடு பக்கத்திலேயே இருப்பதால் கிடைக்கும் காற்றும் மயிலும் எங்களுக்கு இந்த ஊர் தந்த சொத்து.

குடிதண்ணீர்?

பெரும்பாலான வீடுகளில் போர். இந்தப் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. பல்லாவரம், தாம்பரத்து மலைகளில் பார்க்கிற அதே கருங்கல் வகை. பாறையின் வெடிப்பில் துளை பட்டால் தண்ணீர், படாவிட்டால் வெறும் புழுதி. அதனால் பக்கத்து வீட்டில் நல்ல தண்ணீர் என்பதை வைத்து உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று முடிவு செய்யாதீர்கள். குடிக்க 20 லிட்டர் கேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது எங்கள் போரும் நின்றுவிட்டது. லாரித் தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அந்த ஆண்டு மொட்டை மாடி மழைநீரை வடிகட்டிச் சம்பிலும், மிச்சத்தைப் பழைய கிணற்றிலும் விட ஏற்பாடு செய்தோம். செலவில் மிக உருப்படியானது அதுதான்.

கழிவுநீருக்குத் தொட்டிதான், நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும். அடுக்குமாடி வாங்குகிறவர்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வாடகைக்கு வரலாமா, நேராக வாங்கிவிடலாமா?

முதலில் வாடகைக்கு. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்த பிறகு வாங்குங்கள்.

வயதான அப்பா அம்மாவை அழைத்து வரலாமா?

யோசித்துச் செய்யுங்கள். பெரிய மருத்துவமனைகள் பொத்தேரி, குரோம்பேட்டை, செங்கல்பட்டு என்று ஸ்டேஷன் வரிசையிலேயே இருக்கின்றன, அதில் குறை இல்லை. தனிமைதான் குறை. காலை ஏழரைக்குத் தெருவே காலியாகிவிடும். மாலை ஏழு வரை பேச ஆள் இருக்காது. கிராமத்துத் திண்ணையில் பத்துப் பேரோடு இருந்தவரை இங்கே கொண்டுவந்து ஒரு டி.வி.யோடு விட்டால் வாடிப்போவார். என் மாமனார் முதல் ஆண்டு அப்படித்தான் இருந்தார். பிறகு எங்கள் நகரின் பிள்ளையார் கோயில் வேலையில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். இப்போது வாடகைக்கு வருகிறவர்கள்கூட முதலில் அவரிடம்தான் விவரம் கேட்கிறார்கள். கோயில், பூங்கா, கடை இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத் தனியாக நடந்து போய்வர முடிகிற தெருவில் வீடு பார்த்தால் பெரியவர்கள் நிலைப்பார்கள்.

பெண்கள் இரவில் தனியாக வீடு திரும்ப முடியுமா?

ரயிலில் ஒன்பது, ஒன்பதரை வரை எனக்குப் பயம் இருந்ததில்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு வரைதான் கவனம் வேண்டும். தெருவிளக்கு இல்லாத வெற்று மனைகள் இருக்கும், நாய்கள் இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் ஒரே வண்டியில் வருவோரை வாட்ஸாப்பில் சேர்த்து, இறங்கியதும் சேர்ந்தே நடக்கிறோம். குடியிருப்போர் நலச் சங்கத்தில் பெண்கள் போய் உட்கார்ந்து விடாமல் கேட்டதால்தான் ஸ்டேஷன் சாலைக்கு விளக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எவ்வளவு அவசரமானாலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள். காதில் ஹெட்போன் போட்டபடி கடந்த ஒரு கல்லூரிப் பையனை எங்கள் ஸ்டேஷனில் இழந்தோம். படியேறி இறங்க நான்கு நிமிடம்தான்.

நகரத்தை விட்டு வந்ததில் என்ன இழந்தீர்கள்?

நிறைய. கச்சேரி, நாடகம், புத்தகக் கண்காட்சி எதற்குப் போனாலும் பாதியில் எழுந்து வண்டியைப் பிடிக்க வேண்டும். அலுவலகத் தோழிகள் மாலையில் சேர்ந்து காபி குடிப்பார்கள், நான் ஸ்டேஷனில் இருப்பேன். மகன் சின்னவனாக இருந்தபோது காலையில் அவன் தூங்கும்போது கிளம்பி, திரும்பி வருவதற்குள் மறுபடி தூங்கிவிட்ட நாட்கள் உண்டு. அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அதனால்தான் நேரக் கணக்கை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்ய அலுவலகம் ஒத்துக்கொள்ளுமா என்று வீடு பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?

நாங்கள் வந்தபோது எங்கள் தெருவில் நான்கு வீடுகள், மீதி முள்செடி. இன்று 40 வீடுகள். விழுப்புரம், தஞ்சாவூர், தேனி, ஆந்திரம், ஒடிசா என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். யாருக்கும் இது பிறந்த ஊர் இல்லை. சாலைக்கு மனு கொடுத்தது, வேம்பும் புங்கமும் நட்டது, வாய்க்காலில் அடைத்திருந்த குப்பையை ஞாயிற்றுக்கிழமை இறங்கி வாரியது எல்லாம் நாங்களே. நான் நட்ட புங்க மரத்தடியில் இப்போது இஸ்திரி வண்டி நிற்கிறது. மகனிடம் "உன் ஊர் எது?" என்று கேட்டால் ஊரப்பாக்கம் என்று யோசிக்காமல் சொல்கிறான்.

வீடு பார்க்க எப்போது வரலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வராதீர்கள், தரகர்கள் அப்போதுதான் கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள், வேலை நாளாகப் பார்த்து வாருங்கள். முந்தின இரவே யார் வீட்டிலாவது தங்கி, காலை 7 மணிக்கு நீங்கள் வாங்க நினைக்கும் மனையிலிருந்து நடந்து ஸ்டேஷனுக்குப் போங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தோடு ஏறி உங்கள் அலுவலகம் வரை போங்கள். மாலை ஆறரைக்குச் செங்கல்பட்டு வண்டியில் திரும்பி வாருங்கள். இறங்கிய பிறகு பசியும் களைப்புமாக அந்த மனை வரை மறுபடி நடந்து போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பக்கம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.